அப்பலாச்சிய மலைமக்களின் நிழற்படங்கள்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மலருக்காகப் பழைய நிழற்படங்களைத் திரட்டும் பணியில் மலர்க் குழுவினர் ஈடுபட்டிருக்கும் இவ்வேளையில், அதே பணியை நமக்கு முன்பே செய்த வேறொரு நாட்டு மக்களைப் பற்றிச் சில செய்திகளை எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், நியூயார்க் மாநிலத்திற்குத் தெற்கே அலபாமா வரை நீண்டு கிடப்பது அப்பலாச்சிய மலைநாடு. அதன் நடுவே உள்ள மேற்கு வர்ஜீனியாவும் கிழக்குக் கென்டக்கியும் நிலக்கரி விளையும் பூமி. கரி அம்மக்களின் காலடியில் இருந்தது. அதன் உரிமையோ தொலைதூர நகரங்களின் கம்பெனிகளிடம் இருந்தது. சுரங்க ஊர்களில் வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, பல இடங்களில் பள்ளிக்கூடமும் தேவாலயமும் கூடக் கம்பெனி கட்டியவையே. கூலியின் முன்பணமாகக் கம்பெனி தன் பெயர் பொறித்த உலோக வில்லைகளைக் கொடுக்கும். அவை கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும். அத்தகைய ஊரில் ஒரு குடும்பம் தன்னுடையது என்று சொல்லிக் கொள்ளக் கூடியவை மிகச் சில. அவற்றுள் ஒன்று சுவரில் மாட்டிய குடும்பப் படம்.

அம்மலைமக்களை வெளியார் பலர் படம் பிடித்துள்ளனர். 1908-ஆம் ஆண்டில் லூயிஸ் ஹைன் என்பார், குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்கான தேசியக் குழுவின் சார்பில் மேற்கு வர்ஜீனியச் சுரங்கங்களுக்குச் சென்றார். கரி வண்டிகள் வரும்போது கதவைத் திறந்து மூடுவதற்காக இருளில் நாள் முழுதும் காத்திருந்த சிறுவர்களைப் படம் எடுத்தார். அத்துடன் நில்லாது, சுரங்கத்தின் பெயர், இடம், இயன்றபோது சிறுவனின் பெயர், வயது, வேலை நேரம் ஆகியவற்றையும் குறித்து வைத்தார். குழந்தை உழைப்பைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1938-இல் நிலைபெறும் வரை நடந்த போராட்டத்தில் அப்படங்கள் சாட்சிகளாக நின்றன. இவ்வகைப் படங்களை நாம் குறை கூற மாட்டோம்.

ஆனால் 1964-இல் நடந்தது வேறு. வறுமை ஒழிப்புப் போரை அறிவித்த குடியரசுத் தலைவர் ஜான்சன், அவ்வாண்டு ஏப்ரலில் கிழக்குக் கென்டக்கியின் ஐனெஸ் என்னும் ஊரில் வேலையற்ற ஒரு தொழிலாளியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தார். அப்படம் உலகெங்கும் பரவியது. அதைத் தொடர்ந்து படக் கருவிகள் மலையேறி வந்தன. ஒழுகும் கூரை, வெறுங்கால் குழந்தை, கரி படிந்த முகம் ஆகியவற்றையே தேடித் தேடி எடுத்தனர். அவை பொய்யல்ல. ஆயினும் அதே வீட்டில் ஞாயிறன்று சலவைச் சட்டை அணிந்து தேவாலயம் சென்ற தந்தையை எவரும் எடுக்கவில்லை.

இதன் விளைவாக ஒரு கொடுமையும் நிகழ்ந்தது. 1967 செப்டம்பரில், லெட்சர் மாவட்டத்தின் ஜெரமையா என்னும் ஊரில், ஹியூ ஓ'கானர் என்ற கனடா நாட்டுத் திரைப்பட இயக்குநர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் படம் எடுத்துக் கொண்டிருந்தது வாடகை வீட்டில் குடியிருந்த ஒரு சுரங்கத் தொழிலாளியை. அத்தொழிலாளி படமெடுக்க இசைந்திருந்தார். சுட்டவர் அவ்வீட்டின் உடைமையாளர்! ஊரின் மானத்தைக் காத்ததாக அவரைப் பலர் புகழ்ந்தனர். இளைஞர்கள் இதை நன்கு சிந்திக்க வேண்டும். படத்தில் இருந்தவனுக்கு இல்லாத வெட்கம் நிலத்துக்காரருக்கு ஏன் வந்தது? அவன் வாழ்ந்த நிலை வெளியே தெரிவதில் யாருக்கு அச்சம்? அதே மலைநாட்டைச் சேர்ந்த எலிசபெத் பாரெட் என்ற அம்மையார் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

இனி மக்கள் தாமே விரும்பி எடுத்துக் கொண்ட படங்களுக்கு வருவோம். மலைப்பாதைகளில் ஊர் ஊராகச் சென்று படம் எடுத்தவர்கள் இருந்தனர். மக்கள் அவர்களைப் 'படக்காரர்' என்றே அழைத்தனர். வட கரோலினாவின் மேற்கு மலைகளில் பால் புக்கானன் என்பார் 1920 முதல் 1951 வரை இத்தொழில் செய்தார். பணம் கொடுப்பவர் விரும்பியபடியே படம் அமைந்தது. வீட்டின் முன் ஒரு துணியைத் தொங்கவிட்டு நிற்பர். இருப்பதில் நல்ல ஆடையை உடுத்துவர். பாட்டியை நாற்காலியில் அமர்த்துவர். கோவேறு கழுதை, புது மோட்டார் வண்டி, வாத்தியக் கருவி என எது தமக்குப் பெருமையோ அதுவும் உடன் நிற்கும். வெளியார் எடுத்த படத்தில் அவர்கள் வறியோர். படக்காரர் எடுத்த படத்தில் அவர்கள் யாரோ ஒருவரின் தாய், யாரோ ஒருவரின் மாப்பிள்ளை.

இந்த மலைநாட்டை வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த நாடாக எழுதியோர் பலர். அது பிழை என்பதற்கும் குடும்பப் படங்களே சான்று. கென்டக்கியில் ஹார்லன் மாவட்டத்தில் லிஞ்ச் என்று ஓர் ஊர். (பெயரைக் கேட்டு மருள வேண்டா; அது ஒரு கம்பெனித் தலைவரின் பெயர்.) 1917-இல் அமெரிக்க எஃகு நிறுவனம் தன் உலைகளுக்குக் கரி எடுக்க அவ்வூரை உருவாக்கிற்று. அலபாமாவிலிருந்தும் பிற தென் மாநிலங்களிலிருந்தும் கறுப்பினத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக அங்கே வந்தனர். சுரங்கத்தினுள் அனைவர் முகமும் கறுப்பே. வெளியே வந்தால் பள்ளியும் தெருவும் தனித்தனி. கறுப்பினப் பிள்ளைகளுக்கென இருந்த பள்ளி 1963-இல் இணைப்புக் கல்வி வந்தபோது மூடப்பட்டது. பிரிவினை ஒழிந்தது நன்றே. ஆனால் அவர்கள் தாமே வளர்த்த பள்ளியின் ஆசிரியர்களும் விழாக்களும் அத்துடன் மறைந்த வருத்தமும் அவர்களுக்கு உண்டு.

1950-களில் இயந்திரங்கள் வந்து வேலை குறைந்தது. மக்கள் டெட்ராய்ட், கிளீவ்லாந்து, சிகாகோ எனச் சிதறினர். வீடு கம்பெனியுடையது, எடுத்துச் செல்ல இயலாது. படங்களை எடுத்துச் சென்றனர். அவர்கள் அமைத்த கிழக்குக் கென்டக்கி சமூகக் கழகம் ஆண்டுதோறும் ஒரு நகரில் கூடுகின்றது; பழைய பள்ளிக் கட்டடத்தைப் பேணுவோரும் அதன் உறுப்பினர்களே. அவ்வூர்க் குடும்பமொன்றின் வழிவந்த கரீடா பிரவுன் என்ற சமூகவியல் அறிஞர், நூற்றுக்கும் மேற்பட்டோரின் வாய்மொழி வரலாறுகளையும் அவர்கள் பெட்டியில் வைத்திருந்த படங்கள், தாள்களையும் திரட்டி வட கரோலினப் பல்கலைக்கழகக் காப்பகத்தில் சேர்த்தார். பட்டமளிப்பு நாள், பந்தாட்டக் குழு, திருமணம், வாசற்படியில் அமர்ந்த மூதாட்டி போன்றவை இப்போது ஆராய்ச்சியாளருக்கு ஆவணம். அதுவரை அவை வீட்டுக்குள் கிடந்த தாள்களே.

காப்பகத்தில் சேர்ந்துவிட்டால் அச்சமில்லை என்றும் எண்ணலாகாது. கென்டக்கியின் ஒயிட்ஸ்பர்க் ஊரில் 1969-இல் தொடங்கிய ஆப்பல்ஷாப் என்னும் நிறுவனம், மலைமக்களே தம் வாழ்வைப் படமாக்கப் பயிற்சி அளித்தது. பழைய படக்காரர்களின் படச்சுருள்களையும் காத்து வந்தது. 2022 சூலை இறுதியில் பெருவெள்ளம் அதன் காப்பறையுள் புகுந்தது. சேறு படிந்த படங்களையும் சுருள்களையும் தொண்டர்கள் தூய நீரில் கழுவினர். உடனே உலர்த்த முடியாதவற்றை அழுகாது காக்க உறைகுளிரில் வைத்தனர். ஈரப் படங்களை அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகும் என்பதை நம் வீடுகளிலும் நினைவிற் கொள்க.

வெள்ளத்தினும் பெரிய பகை ஒன்றுண்டு, அது பெயரின்மை. மலைநாட்டுப் படங்களுள் எத்தனையோ இன்று 'பெயர் தெரியாத குடும்பம்' என்ற குறிப்போடு கிடக்கின்றன. முகம் தெளிவாய் இருக்கின்றது. சொல்லத் தெரிந்த கடைசி மனிதர் போய்விட்டார்.

ஆதலின், மலர்க் குழுவிடம் படம் தருவோர் முதலில் வீட்டு மூத்தோரிடம் அதைக் காட்டுங்கள். இடமிருந்து வலமாக யார் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன விசேடம் எனக் கேளுங்கள். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் அழுத்தாது எழுதுங்கள்; பேனா மை மறுபுறம் ஊறும். கோந்து தடவி ஒட்ட வேண்டா. பெண்களை 'இன்னாரின் மனைவி' என்று மட்டும் எழுதி விடாது, அவர்தம் பெயரையும் கேட்டு எழுதுங்கள். படங்களைப் படி எடுத்தபின் குழுவினர் மூலப்படங்களை உரியவரிடமே திருப்பித் தருவர்.