ஆமைக்குஞ்சு கைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

(திருவண்ணாமலை இரமணாசிரமம் பகுதி உழவர்களிடையே உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மல்லாட்டைக்கும் நெல்லுக்கும் உரம் சொல்ல வேண்டிய உழவியல் ஆசிரியர் ஆமையைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கோடை மழைக்குப் பிறகு உழும்போதும், வேலியோரம் களை எடுக்கும்போதும், ஏரிக்கரையில் மாடு மேய்க்கும்போதும் ஆமைக்குஞ்சு தென்படுவதுண்டு. பிள்ளைகள் ஆசையோடு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், ஆமை வளர்த்தால் செல்வம் சேரும் என்று யாரோ சொன்னதை நம்பி விலை கொடுத்து வாங்குகிறார்கள். இரண்டிலும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான். வாளித் தண்ணீரில் போட்டுச் சோறு போடப்பட்ட குஞ்சு சில வாரங்களில் இறந்துபோகிறது. வீட்டுக்காரருக்கோ வழக்கு வந்து சேரும் நிலை உண்டாகிறது.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது பழமொழி. ஆமையால் வீட்டுக்குக் கேடும் இல்லை, செல்வமும் இல்லை. ஆனால் சட்டம் அறியாமல் ஆமையை வீட்டில் அடைத்து வைத்தால் அதன் பின்னாலேயே அதிகாரி வருவார் என்பது இன்றைக்கு உண்மை. ஆகவே முதலில் இனம் காணக் கற்றுக்கொள்வோம்.

இனம் காண்பது எப்படி?

முதலில் காலைப் பாருங்கள். யானைக்கால் போல உருண்டு, விரல்களுக்கு இடையே சவ்வு இல்லாமல் இருந்தால் அது நிலத்தில் வாழும் ஆமை. விரல்களுக்கு இடையே வாத்துக்கு இருப்பதுபோல் சவ்வு இருந்தால் அது நீரில் வாழ்வது. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தாலே பல குஞ்சுகள் பிழைக்கும். நிலத்து ஆமைக்கு நீந்தத் தெரியாது. தொட்டியில் விட்டால் மூழ்கி இறக்கும்.

1. நட்சத்திர ஆமை: நிலத்து ஆமை. முதுகு ஓடு கவிழ்த்த சட்டிபோல் உயர்ந்திருக்கும். கரிய ஓட்டில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் விண்மீன் கதிர்போலப் பிரியும். அடி ஓட்டிலும் இத்தகைய கோடுகள் உண்டு. பொரித்த குஞ்சு ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே இருக்கும்; கோடுகளும் குறைவாகவே இருக்கும். வறண்ட புதர்க்காடும் புல்வெளியும் இதன் இருப்பிடம்.

2. பால் ஆமை: குளம், ஏரி, நெல்வயல்களில் வாழ்வது. ஓட்டின் மேல் தோல் போர்த்தியது போலிருக்கும். அடிப்புறத்தில், பின்னங்கால்களை உள்ளே இழுத்ததும் மூடிக்கொள்ளும் தோல் மடல்கள் உண்டு. ஏரி வற்றினால் சேற்றில் புதைந்து கிடக்கும். கடிக்கும், எச்சரிக்கை தேவை.

3. காராமை: கருத்த, கெட்டியான ஓடு. முதுகில் நீளவாக்கில் மூன்று மேடுகள் ஓடும். கால் விரல்களில் சவ்வு உண்டு.

4. சிவப்புக்காது ஆமை: பச்சை நிறக் குஞ்சு. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருக்கும். இது நம் நாட்டு ஆமை அல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது; வளர்ப்புப் பிராணிக் கடைகளின் வழியாக வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

முதல் மூன்றும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. வாங்குவதும், விற்பதும், வீட்டில் வளர்ப்பதும், கறிக்காகப் பிடிப்பதும் குற்றம். 2022-இல் சட்டம் திருத்தப்பட்டபோது நட்சத்திர ஆமை முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அந்த அட்டவணை விலங்குகள் தொடர்பான குற்றத்துக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

இவ்வளவு கடுமை ஏன்? 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்தைச் சார்ந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்படுவதாகக் கணக்கிட்டது. பெரும்பாலும் குஞ்சுகளே பெட்டிகளில் அடைத்துக் கடத்தப்படுகின்றன. 2019-இல் உலக நாடுகள் கூடி இந்த ஆமையின் பன்னாட்டு வாணிகத்தைத் தடை செய்தன. ஒரு வெள்ளாமையில் விதைநெல்லையே சமைத்து உண்டுவிட்டால் அடுத்த போகத்துக்கு என்ன மிஞ்சும்? குஞ்சுகளை வாரிச் செல்வதும் அப்படிப்பட்டதே.

அதே சட்டம் ஒரு வழியையும் காட்டுகிறது. காட்டு விலங்கு எவ்வகையிலேனும் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பது குற்ற ஒப்புதல் அல்ல. அது உங்கள் கடமை. ஒப்படைத்ததற்கு எழுத்து மூலம் ஒரு சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள். முன்பே வளர்த்து வருபவர்களும் நாள் கடத்தாமல் வனச்சரக அலுவலகத்தை அணுகுவதே நல்லது.

நிலத்தில் கண்டால்

நலமாக நடமாடும் ஆமையை எடுக்கவே வேண்டாம். டிராக்டர் வரும் வழியில் இருந்தால் மட்டும், அது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் திசையிலுள்ள வேலிப் புதரில் விட்டுவிடுங்கள். வேறு ஊருக்கோ மலைக்கோ கொண்டுபோய் விடக்கூடாது. பழகிய இரையும் மறைவிடமும் இல்லாமல் அது அலையும்; புதிய இடத்து ஆமைகளுக்கு நோயையும் கொண்டு செல்லும்.

ஒப்படைக்கும் வரை பராமரிப்பு

எடுத்து வந்துவிட்ட நட்சத்திர ஆமைக் குஞ்சை, ஒப்படைக்கும் வரை உயிரோடு காக்கும் முறைகள் இவை.

இருப்பிடம்: காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் உலர்ந்த மண்ணும் வைக்கோலும் இட்டு நிழலில் வையுங்கள். ஆமையால் தன் உடல் வெப்பத்தைத் தானே சீராக்கிக்கொள்ள முடியாது. வெயிலில் வைத்த தகரப் பெட்டி சிறிது நேரத்தில் அதைக் கொன்றுவிடும். நாய், பூனை, காகம் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: தட்டையான தட்டில், தாடை மூழ்காத அளவு வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் நிற்க விடுங்கள். அதற்குத் தேவையான நீரைக் குடித்துக்கொள்ளும். வாயில் ஊற்றக் கூடாது.

தீனி: அறுகம்புல், முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி ஆகியவை ஏற்றவை. மருந்து தெளித்த வயலின் தழை ஆகாது. சோறு, பால், ரொட்டி, இறைச்சி ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது. தீனியில் சுண்ணாம்புச் சத்து குறைந்து, வெயிலும் படாமல் பல மாதம் வளர்ந்த குஞ்சின் ஓடு மெதுவாகி வளைந்துவிடும். இருட்டுக் கொட்டிலில் கட்டிய கன்றின் எலும்பு வலுவிழப்பதைப் போன்றதே இது.

ஓடு: ஓடு வெறும் மூடி அல்ல. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து உருவான உயிருள்ள எலும்பு. அதில் துளையிட்டுக் கயிறு கட்டுவதும் வண்ணம் பூசுவதும் கொடுமை. கலப்பையில் அடிபட்டு ஓடு வெடித்திருந்தால் சாணமோ சுண்ணாம்போ அப்பாதீர்கள். சுத்தமான உலர்ந்த துணியால் மூடி, கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வன அலுவலருக்கும் தெரிவியுங்கள். மூக்கில் நீர் ஒழுகுவதும், வாயைத் திறந்து மூச்சு விடுவதும், கண் வீங்கி மூடியிருப்பதும் நோய்க்குறிகள்.

கை கழுவுதல்: ஆமையின் உடலில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா நுண்ணுயிர் இருக்கக்கூடும். இதனால் குழந்தைகள் நோயுற்றதை அடுத்து அமெரிக்காவில் 1975-இல், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சுகளின் விற்பனைக்குத் தடை விதித்தார்கள். தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம்.

பால் ஆமையும் காராமையும் கிடைத்தால் ஈரச் சாக்கு விரித்த பாத்திரத்தில் வைத்து, அதே நாளில் தகவல் தர வேண்டும்.

சிவப்புக்காது ஆமையை வாங்கியவர்களுக்கு

ரூபாய் நாணயம் போலிருக்கும் குஞ்சு ஓர் அடி வரை வளரும். முப்பது ஆண்டு வரை உயிர் வாழும். நீந்த நீரும், ஏறி வெயில் காயக் கல்லும் அதற்கு வேண்டும். நீரை அடிக்கடி மாற்றாவிட்டால் நாறும். அலுத்துப்போய்ச் சமுத்திரம் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். உலகில் மிகுந்த கேடு விளைவிக்கும் 100 அயல் உயிரினங்களுள் ஒன்றாக இது பட்டியலிடப்பட்டுள்ளது. நம் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். புதிதாக வாங்காமலிருப்பதே சிறந்தது.

உழவருக்கு என்ன பயன்?

பால் ஆமை நத்தையையும் பூச்சியையும் செத்த மீனையும் தின்று நீரைத் தூய்மையாக்குகிறது. நட்சத்திர ஆமை புல்லும் உதிர்ந்த பழமும் தின்று விதை பரப்புகிறது. இவற்றைக் காக்கச் செலவு ஒன்றும் இல்லை. உயிர்வேலியை அடியோடு வெட்டாதீர்கள். வரப்புப் புல்லுக்குத் தீ வைக்காதீர்கள். உழும்போது மண்ணுக்குள் வெண்ணிற முட்டைகள் தென்பட்டால் புரட்டாமல் முன்போலவே மண்ணால் மூடி, நான்கு குச்சி நட்டு அந்தத் துண்டை உழாமல் விடுங்கள். நட்சத்திர ஆமை முட்டை பொரிக்கச் சில மாதங்கள் ஆகலாம். ஒரு பாய் அளவு நிலத்தை விடுவதால் மகசூல் குறைந்துவிடாது.

இந்தப் பகுதிக்கு இது புதிய பாடமும் அல்ல. 1926-இல் கன்றாக ஆசிரமத்துக்கு வந்து 1948-இல் இறந்த பசு லட்சுமிக்கு இரமணர் முன்னிலையில் சமாதி எழுப்பப்பட்டது. மான், காகம், நாய் ஆகியவற்றின் சமாதிகளும் அருகிலேயே உள்ளன. நாள்தோறும் அவற்றைக் கடந்து வயலுக்குப் போகிறவர்கள் நீங்கள். ஆமையிடம் காட்டும் அன்பு அதை வீட்டில் அடைத்து வைப்பதில் இல்லை. அதன் இடத்தில் அதை வாழ விடுவதில் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.