காலர் நசுங்காத அடுக்கு

டெல்லி கரோல் பாக் வாடகை வீட்டுல ஒரு பீரோ இருந்தா, அதுல பாதியை ரஜாய்ப் போர்வையும் ஸ்வெட்டரும் பிடிச்சுக்கும். மிச்ச பாதியிலதான் வீட்டுல இருக்கிற எல்லார் சட்டையும் அடங்கணும். அதனால மடிக்கிறதுல கொஞ்சம் கணக்கு பாக்கணும்.

தெருமுனை பிரஸ்வாலா கரிப்பெட்டியில தேய்ச்சுக் குடுத்த சட்டையைச் சூட்டோட உள்ளே வைக்காதீங்க. துணியில ஈரம் நிக்கும். அடுக்குல அமுங்கினா புதுசா சுருக்கம் விழும். ஜூலை, ஆகஸ்ட் மழையில பூஞ்சை வாடையும் ஏறிடும். கொஞ்ச நேரம் ஆற விடுங்க.

அஜ்மல்கான் ரோட்டுல புதுச் சட்டை வாங்கினா உள்ளே ஒரு அட்டை வரும் பாருங்க, அதைத் தூக்கிப் போடாதீங்க. மேல் பட்டன், நடு பட்டன், கடைசி பட்டன் மட்டும் போட்டு, சட்டையைக் குப்புறப் போடுங்க. காலருக்குக் கீழே முதுகுல அட்டையை வைங்க. ரெண்டு பக்கத்தையும் அட்டை மேல மடிச்சு, கையை நீளவாக்குல கீழே இறக்குங்க. கீழ் ஓரத்தை நாலு விரல் மடிச்சு, அப்புறம் பாதியா மேலே கொண்டு வாங்க. அட்டையை உருவிடுங்க. எல்லாச் சட்டையும் ஒரே அகலத்துல வரும்.

அடுக்கும்போது ஒரு சட்டையோட காலர் முன்பக்கம், அடுத்ததோடது பின்பக்கம். எல்லா காலரும் ஒரே பக்கம் இருந்தா அங்கே மட்டும் உயர்ந்து அடுக்கு சரியும். ஒரு அடுக்குல ஆறுக்கு மேல வேண்டாம். அடியில இருக்கிற காலர் நசுங்கும். வீட்டை ஒழுங்கா அடுக்கச் சொல்லித் தர்ற ஜப்பான்காரர் மாரி கொண்டோ சொல்ற மாதிரி துணியை நிமிர்த்தி வரிசையா நிக்க வைக்கிறது டி-ஷர்ட்டுக்குப் பிரமாதம். காலர் சட்டைக்கு எனக்கு அது ஒத்து வரலை.

தீபாவளி முடிஞ்சு மெல்லிசு காட்டன் சட்டைகளைக் கட்டில் பெட்டிக்குள்ள போடுவோம் இல்லையா, அப்பத்தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஒரே ஒரு தடவை போட்டதா இருந்தாலும் துவைச்சுட்டுத்தான் வைக்கணும். கண்ணுக்குத் தெரியாத வேர்வை நாலு மாசத்துல மஞ்சளாயிடும். கஞ்சியோடயும் வைக்காதீங்க, ராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்துன்னா உயிர். அந்துப் பூச்சி தேடி வர்றது கம்பளியையும் பட்டையும்தான், அதனால சுத்தமான காட்டனுக்கு அந்துருண்டை தேவையே இல்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டுல அதைத் தவிர்க்கிறதே நல்லது, சில குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே உடைச்சிடும்.

வேட்டிக்கும் இதே கதைதான். கஞ்சி இல்லாம வைங்க, பொங்கலுக்கு முன்னாடி எடுத்துக் கஞ்சி போட்டுக்கலாம். ஆனா கடைசி நாள் வரைக்கும் விட்டுடாதீங்க, ஜனவரி மூடுபனியில இங்கே எதுவும் சீக்கிரம் காயாது.