விண்கலத்தை முந்தாத செய்தி

சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் கதையொன்றை வளர்த்துச் செல்வது பாத்திர விளையாட்டு எனப்படுகிறது. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வாளும் மந்திரமும் நிறைந்த உலகில் இதைத் தொடங்கி வைத்தது. 1977இல் மார்க் மில்லர் வடிவமைத்து, மூன்று சிறு கறுப்பு நூல்களாக வெளியான ‘டிராவலர்’ இதை விண்மீன்களுக்கிடையே கொண்டு சென்றது.

இவ்விளையாட்டில் கதைமாந்தரின் உடல்வலிமை, கல்வி, சமூகநிலை முதலிய ஆறு இயல்புகளும் இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகையால் அமைகின்றன. பின்னர் அம்மாந்தர் பதினெட்டு வயதில் கடற்படையிலோ வணிகக் கலத்திலோ சேர்ந்து, நான்காண்டுப் பணிக்காலம் ஒவ்வொன்றிலும் ஒரு திறனையாவது கற்று, உயிர்பிழைத்தாரா என்பதையும் பகடையால் அறிய வேண்டும். முதற்பதிப்பின்படி, தோற்றால் கதை தொடங்குமுன்பே அவர் இறந்துவிடுவார். கடுமையான விதிதான், ஆயினும் அனுபவத்துக்கு விலையுண்டு என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் விதி அரிது. பிற்காலப் பதிப்புகள் சிலவற்றில் ஒரு செயல் வெல்லப் பொதுவாக இரு பகடைகளின் கூட்டுத்தொகை எட்டோ அதற்கு மேலோ வரவேண்டும். முப்பத்தாறு வாய்ப்புகளில் பதினைந்தே அவ்வாறு அமையும். திறனுக்காக ஒன்று கூட்டினால் இருபத்தொன்றாகும் என்பதால், சிறு பயிற்சியும் பெரிதும் மதிப்புடையதாகிறது.

எனினும் இவ்விளையாட்டின் உயிர்நாடி பயண விதியே. ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து மற்றொன்றுக்குக் கலம் தாவுவது ‘பாய்ச்சல்’. எந்திரத்தின் ஆற்றலுக்கேற்ப அது ஒன்று முதல் ஆறு பார்செக் வரை செல்லும், ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு. தொலைவு எதுவாயினும் ஒரு பாய்ச்சலுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். கலத்தைவிட விரைந்து செய்தி செல்ல வழியே இல்லை. ஆகவே தலைநகரின் ஆணை எல்லைக்கு வந்துசேர மாதக்கணக்காகும். அதுவரை எல்லையில் இருப்பவரே முடிவெடுக்க வேண்டும்.

மலாக்கா நேயர்களுக்கு இது அயலானதன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து இத்துறைமுகத்துக்கு வந்த தமிழ் வணிகர், பருவக்காற்று திரும்பும்வரை இங்கேயே தங்கியிருந்து, ஊரில் நடந்ததை அடுத்து வந்த கப்பலின் வாயிலாகவே அறிந்தனர். வெவ்வேறு நாட்டு வணிகரைக் கவனிக்க ஷாபந்தர் எனும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். அவ்வமைப்பை அப்படியே ஒரு விண்துறைக்குக் கொடுத்தால் வாக்குவாதமும் வணிகமும் தாமே பெருகும்.

மலாக்காவின் பத்து பெரண்டாமில் இரண்டு பகடைகளும் பென்சிலும் தாளும் வைத்து இவ்விளையாட்டைத் தொடங்க விரும்புவோர் தமிழிலேயே உரையாடி ஆடலாம். கதையை நடத்தும் நடுவர், ஒவ்வொரு துறையிலும் எச்செய்தி எத்தனை வாரம் பழையது என்பதை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பாய்ச்சல் தொலைவில் மூண்ட போர் அங்கு முடிந்தே போயிருக்கலாம், அதை அறியாத வணிகர் இங்கே ஆயுதங்களை ஏற்றிக்கொண்டிருக்கலாம்.