பழைய காரின் ஸ்டியரிங் பூட்டு

பேராக்கில் பால்மரம் நின்ற தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பழைய கார் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. 1985இல் அறிமுகமான புரோட்டோன் சாகாவாக இருக்கலாம். 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலாக இருக்கலாம். என்ஜினைப் பார்க்கிறோம், டயரைப் பார்க்கிறோம். ஸ்டியரிங் பூட்டை மட்டும், சாவி திரும்ப மறுக்கும் நாளில்தான் நினைக்கிறோம்.

அந்தப் பூட்டு என்பது சாவித் துவாரத்திற்குப் பின்னால் உள்ள ஒரு சிறிய இரும்பு முளைதான். சாவியை உருவிவிட்டு ஸ்டியரிங்கைச் சற்றே திருப்பினால், ஸ்பிரிங் தள்ள, அம்முளை ஸ்டியரிங் தண்டிலுள்ள பள்ளத்தில் விழுந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும். சாவியைப் போட்டுத் திருப்பும்போது பின்வாங்கும்.

சாவி திரும்பவில்லை என்றதும் பூட்டு கெட்டுவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். முன்சக்கரம் சாலையோரக் கல்லில் அழுந்தி நின்றால், தண்டு முறுக்கேறி முளையை நெருக்கிப் பிடித்திருக்கும். ஒரு கையால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அசையாது. மறுபக்கம் கொஞ்சம் இடம் கொடுக்கும். இடம் கொடுக்கும் பக்கமாக அதைப் பிடித்துக்கொண்டே சாவியை மெல்லத் திருப்புங்கள். குறடு போட்டுத் திருகுவது மட்டும் வேண்டாம். சாவி உள்ளே முறிந்தால் செலவு இரட்டிப்பாகும்.

அப்படியும் திரும்பாவிட்டால் தேய்மானம் என்று கொள்ளலாம். பூட்டுக்குள் சிறிய பித்தளைத் தகடுகள் வரிசையாக உள்ளன. சாவியின் பற்கள் அவற்றை ஒரே மட்டத்திற்குக் கொண்டுவந்தால்தான் பூட்டு சுழலும். பல ஆண்டு உழைத்த சாவியின் பற்கள் மழுங்கிப்போயிருக்கும். அதையே கொடுத்து நகல் எடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும்! வீட்டில் பயன்படுத்தாத மாற்றுச் சாவி கிடந்தால் அதைக் கொடுங்கள்; சாவி எண் இருந்தால் அதைக்கொண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். துவாரத்தில் சமையல் எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து பசையாகிவிடும். அதற்குப் பதில் சாவியின் இரு பக்கமும் பென்சிலை நன்றாகத் தேய்த்து, நாலைந்து முறை நுழைத்து எடுங்கள். பென்சில் கரி என்பது கிராஃபைட். வழவழப்பு தரும், ஒட்டாது. பள்ளிக்கூடத்துக்காரர்களாகிய எங்களுக்குப் பென்சிலுக்கு என்ன பஞ்சம்!

இதுவரை சொன்னது தொல்லை. இனிச் சொல்வது உயிர்.

தேய்ந்த பூட்டில், கார் ஓடும்போதே சாவி நிலை நழுவக்கூடும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014இல் இலட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், ஓட்டத்தின்போது சாவி தானே திரும்பி என்ஜின் நின்றுபோனதுதான். அந்தக் குறையினால் நேர்ந்த 124 மரணங்களுக்கு இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது. கொத்துச் சாவியின் கனமே சாவியைக் கீழே இழுக்கப் போதுமானதாக இருந்தது. நம் கார்ச் சாவியிலும் வீட்டுச் சாவி, கடைச் சாவி, சாமி படம் எல்லாம் தொங்குகின்றன அல்லவா?

கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும்போது பெட்ரோலை மிச்சப்படுத்த என்ஜினை நிறுத்திவிட்டு வருவோரும் உண்டு. என்ஜின் நின்றால் பிரேக் சில மிதிகளுக்குமேல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். தேய்ந்த பூட்டில் முளையும் விழுந்துவிட்டால் வளைவில் காரைத் திருப்பவே முடியாது. ஓட்டத்தில் என்ஜின் நின்றுபோனால் சாவியைத் தொடாமல், பிரேக்கை விடாது அழுத்தி ஓரம் சேருங்கள்.

இந்தப் பயத்தினால் முளையையே வெட்டியெடுக்கச் சொல்வோர் உண்டு. பழைய காரை யார் திருடப்போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் பழையது, புதியது எல்லாக் கார்களுக்கும் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது; திருட்டு குறைந்தது. பிரிட்டன் 1971இல் புதிய கார்களுக்கு மட்டும் கட்டாயமாக்கியது. திருடர்கள் பூட்டில்லாத பழைய கார்களைத் தேடிப் போனார்கள். நம் நாட்டிலும் புரோட்டோன் வீரா பல ஆண்டுகள் திருட்டுப் பட்டியலின் முன்வரிசையில் இருந்தது. உதிரிப் பாகத்திற்கு விலை இருக்கும்வரை பழைய காருக்கும் திருடன் இருப்பான். முளையை எடுத்தே தீரவேண்டிய நிலை வந்தால், புதுப் பூட்டு போடும்வரை, ஸ்டியரிங் வட்டத்தில் மாட்டும் இரும்புக் கம்பிப் பூட்டையாவது பயன்படுத்துங்கள்.

பழைய கார் உடைக்கும் கடையில் வாங்கும் பூட்டு மலிவுதான். ஆனால் அதன் இன்னொரு சாவி யார் கையிலோ இருக்கும். தேய்மானமும் உடன் வரும். எங்களைக் கேட்டால் புதியதே மேல். பூட்டைப் பிடிக்கும் ஆணிகளின் தலை, முடுக்கும்போது முறிந்து விழும்படி செய்யப்பட்டவை. திருடன் கழற்ற முடியாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. பட்டறையில் சாதாரண ஆணி போட விடாதீர்கள். வேலை முடிந்ததும், கார் நின்ற நிலையில் என்ஜினை ஓடவிட்டுச் சாவியை மெல்ல இழுத்துப் பாருங்கள். வரக்கூடாது. வந்தால் அந்தக் காரைச் சாலையில் இறக்காதீர்கள்.