மேளமும் அதன் தலைமையும்

(அறக்கட்டளையின் விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆடிப்பூரத்தன்று திருவில்லிபுத்தூரில் பெருந்தேர் நகரும் காட்சியைக் கண்டோர் இவ்வவையிலும் இருக்கக்கூடும். தேரின் உயரத்தை வியப்போர் பலர். வடம் பிடிப்போரை எண்ணி மகிழ்வோர் பலர். வீதியுலாவின் முன்னே இசைத்துச் செல்லும் மேளக்காரர்களை உற்று நோக்குவோர் சிலரே. நாகசுவரம் இரண்டு, தவில் இரண்டு, ஒத்து ஒன்று, தாளம் ஒன்று என அறுவர் கூடுவதே பெரியமேளத்தின் நிறைவான அமைப்பு. அண்மையிலுள்ள இராசபாளையத்தைச் சூழ்ந்த ஊர்களின் கோயில் கொடைகளில், பம்பையும் தமுக்கும் உடன் சேர, கரகாட்டத்தோடு நையாண்டி மேளம் வரும். இவை இரண்டும் ஊருக்குப் பொதுவான இசைக்குழுக்கள். நுழைவுச்சீட்டு இல்லை, கதவு இல்லை, செல்வரும் ஏழையரும் ஒரே தெருவில் நின்று கேட்கலாம்.

இசைக்குப் பொதுவிடம் வேண்டும் என்னும் எண்ணம் அவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக விளங்கிய பூ. ச. குமாரசாமி ராஜா, இராசபாளையத்தில் தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு வழங்கினார்.

இத்தகைய குழுவை நடத்துபவர் யார்? மேலைநாட்டுச் சேர்ந்திசையில் ஒருவர் கோலேந்தி முன்னிற்பார். 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. பெரியமேளத்தில் கோலேந்துபவர் எவரும் இலர். எனினும் அங்கே தலைமை உண்டு. அத்தலைமையின் இலக்கணத்தைச் சமணத் துறவியெனப் போற்றப்பெறும் இளங்கோவடிகள் சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வகுத்துவைத்துள்ளார்.

ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்ட மேடையில் மாதவி ஆடுகிறாள். ஆடல், இசை, கவி, தண்ணுமை, குழல், யாழ் ஆகிய ஆறு துறைகளுக்கும் ஆசிரியர்கள் உளர். கருவிகள் இசைக்கும் முறையையும் அடிகள் நிரல்படக் கூறுகிறார். குழலின் வழியே யாழ் செல்கிறது. யாழைத் தொடர்ந்து தண்ணுமை. தண்ணுமையின் பின்னே முழவு. முழவோடு கூடி ஆமந்திரிகை. முன்செல்வது காற்றுக் கருவி. ஏனையவை ஒன்றையொன்று கேட்டுத் தொடர்வன. தண்ணுமையாசிரியனுக்கு அடிகள் கூறும் தகுதி இன்னும் ஆழமானது. பிற கருவிகளின் இசையில் குறை நேர்ந்தால் அதனை அவன் நிரப்பவேண்டும். மிகை நேர்ந்தால் அடக்கவேண்டும். தன் ஓசை பிறவற்றை மீறாதவாறு காக்கவும் வேண்டும்.

இவ்விலக்கணம் இன்றைய மேளத்திற்கும் பொருந்துகிறது. புறப்பாட்டின்போது மல்லாரி வாசிக்கப்பெறும். அதற்குப் பாடல் வரிகள் இல்லை. தாளக்கட்டே அதன் உயிர். நாகசுவரக்காரர் காலத்தை மாற்றி மாற்றி வாசிக்க, தவில்காரர் அவருடைய மூச்சையும் விரலையும் கண்டு உடன் செல்கிறார். மூச்சு வாங்க நாகசுவரம் ஓயும் இடத்தைத் தவில் நிரப்புகிறது. இருவரும் எத்துணைத் தொலைவு சென்றாலும் மீண்டு வரும் சுருதியை ஒத்தும், காலத்தைத் தாளமும் காத்து நிற்கின்றன. ஒத்து என்பது விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அற்ற நெடுங்குழல். மூச்சு அறாமல் ஒரே சுரத்தை நாழிகைக் கணக்கில் ஊதுவது எளிய செயலன்று.

ஆயினும் உலக வழக்கு இவ்விருவரையும் எவ்வாறு நடத்துகிறது? தன் கருத்தின்றிப் பிறரைப் புகழ்வோனை, ஒத்து ஊதுகிறான் என்றும் ஜால்ரா போடுகிறான் என்றும் இகழ்கிறோம். சுருதியையும் காலத்தையும் பிழையாமற் காப்பவரின் தொழில் வசைச்சொல்லாகிவிட்டது. மேளத்திலிருந்து முதலில் நீங்கியவரும் ஒத்துக்காரரே. அவருடைய இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது. பூசை வேளையில் மின்விசையால் முரசும் மணியும் ஒலிக்கும் பொறி பல கோயில்களில் வந்துவிட்டது. மணவீடுகளிலோ செலவைக் கருதி அறுவர் நால்வராயினர், நால்வர் இருவராயினர்.

இதனால் விளைந்த இழப்பு ஓசையளவில் நின்றுவிடவில்லை. ஒத்தூதும் இடமே இளையோரின் பள்ளியாக இருந்தது. நாகசுவரம் பயிலும் சிறுவன் பெரியவரின் அருகே நின்று, இரவு முழுதும் சுருதி பிடித்தவாறே இராக ஆலாபனையைக் கேட்பான். தலைமை ஏற்பதற்கு முன்னர்ப் பின்நின்று கேட்கும் பயிற்சி அங்கே வாய்த்தது. பக்கத்துக் கோவிற்பட்டியில் சிலையாக நிற்கும் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) இதற்குச் சான்று. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையிடம் பயின்று, அவருடன் இரண்டாம் நாயனமாக நின்று வாசித்த பின்னரே அவர் தனிப் பெருந்தலைமை எய்தினார். 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்த அவருடைய நாகசுவரத்தைத் தமிழுலகம் இன்றும் மறக்கவில்லை. பின்நிற்கும் இடத்தைச் செலவென்று நீக்கிவிட்டால், நாளை முன்நிற்பவர் எங்கிருந்து வருவார்?

சுருதிப்பெட்டி பிழை செய்யாது என்பர். உண்மையே. ஆனால் அது கேட்பதும் இல்லை, கற்பதும் இல்லை, ஒரு நாள் வளர்ந்து நாகசுவரத்தைக் கையில் ஏந்தப்போவதும் இல்லை.

பெரியோர்களே, மேல்சித்தாமூர்த் தேராயினும் திருவில்லிபுத்தூர்த் தேராயினும் மேளமின்றி நகர்வது அழகன்று. இல்லத் திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் மேளம் பேசும்போது, எத்தனை பேர் குறையலாம் என்று கேட்பதை விடுத்து, ஒத்துக்கு ஓர் இளைஞரையும் அழைத்து வருக என்று கேளுங்கள். ஒரு வேளை விருந்தில் ஒரு வகைப் பலகாரத்தைக் குறைத்தாலே அந்த இளைஞருக்குரிய ஊதியம் கிடைத்துவிடும். ஊர்வலம் முடிந்ததும் நாகசுவரக்காரருக்குப் போர்த்தும் பொன்னாடையோடு, தாளம் பிடித்தவருக்கும் ஒன்று போர்த்துங்கள். குறையை நிரப்பி, மிகையை அடக்கி, தன் ஓசை மீறாமல் நிற்பதே தலைமை என்று அடிகள் வகுத்த நெறி, அவ்வாறு போற்றும் கைகளால்தான் நிலைக்கும்.