லடாக் குளிரில் டீசல் கார்

நம் குடியிருப்பிலிருந்து சிலர் காரிலேயே லடாக் வரை போய் வருகிறீர்கள். குளிர்காலத்தில் போவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள்.

கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கும், இன்ஜின் நின்றுவிடும். மைனஸ் 20 டிகிரி இரவில் நடுவழியில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் லடாக்கில் அறிமுகப்படுத்தியது. சமவெளியில் போட்ட டீசலோடு இரவு வண்டியை நிறுத்தாதீர்கள். குளிர்கால டீசல் நிரப்பி, சில கிலோமீட்டர் ஓட்டியபின் நிறுத்துங்கள். அப்போதுதான் அது ஃபில்டர்வரை போய்ச் சேரும்.

பெட்ரோல் கார் என்றால் டேங்கைப் பாதிக்குமேல் வைத்திருங்கள். காலி இடத்திலுள்ள ஈரம் தண்ணீராகி, குழாயில் பனிக்கட்டியாக அடைக்கும்.

யார் சொன்னாலும் டேங்குக்கு அடியில் தீ மூட்டாதீர்கள்.