நம்ம டிபார்ட்மெண்ட் இல்லை!

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஆராய்ச்சி என்றால் என்ன என்று பசங்களுக்குப் புரியும்படி பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் மெக்கானிக்கல் படித்தவன். உடைந்துபோன பாகங்கள் ஏன் உடைந்தன என்று கண்டுபிடிப்பதுதான் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஆனாலும் இன்று ஓர் இன்ஜினீயரைப் பற்றிப் பேசப் போவதில்லை. தீக்காயத்தில் தொடங்கி, உறுப்பு மாற்று சிகிச்சைக்கு அடித்தளம் போட்ட பீட்டர் மெடவார் என்ற விஞ்ஞானியைப் பற்றிப் பேசப் போகிறேன். வேடிக்கை என்னவென்றால், அவர் டாக்டரே இல்லை. விலங்கியல் படித்தவர்.

அவரை ஏன் எடுத்துக்கொண்டேன்? எந்த ஆபீசுக்குப் போனாலும் நாம் கேட்கிற ஒரு வாசகம் உண்டு: "அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லீங்க." இந்த வாசகத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள மெடவாருக்கு மூன்று முறை நல்ல வாய்ப்பு வந்தது. மூன்று முறையும் அவர் சொல்லவில்லை. அந்த மூன்றையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

மெடவார் 1915-இல் பிரேசில் நாட்டில் பிறந்தவர். அப்பா லெபனான்காரர், அம்மா இங்கிலாந்துக்காரர். படித்ததும் முதலில் வேலை பார்த்ததும் ஆக்ஸ்போர்டில். 1940-இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு விமானம் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த இளம் விமானப்படை வீரர் ஒருவருக்கு உடம்பில் பாதிக்கு மேல் தீக்காயம். ரத்தம் ஏற்றியும் புதிய மருந்துகள் கொடுத்தும் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஆனால் வெந்த இடத்தை மூட அவருடைய சொந்தத் தோல் போதவில்லை. வேறு ஒருவர் தோலை எடுத்து ஒட்டினால் சில நாள் நிற்கும், பிறகு கருகி விழுந்துவிடும். சிகிச்சை செய்த டாக்டர் மெடவாரிடம் வந்து, "நீங்கள் கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்று கேட்டார்.

அவர் என்ன சொல்லியிருக்கலாம்? "ஐயா, நான் விலங்கியல்காரன், ஆஸ்பத்திரி வேறு" என்று சொல்லியிருக்கலாம். அவர் போய்ப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வேலையின் திசையே மாறிவிட்டது. இருக்கிற கொஞ்சம் தோலிலிருந்தே நிறையத் தோலை வளர்க்க முடியுமா என்று முதலில் முயன்றார். நடக்கவில்லை. சரி, அடுத்தவர் தோல் ஏன் நிற்பதில்லை என்ற கேள்விக்கு வந்தார். இது முதல் சந்தர்ப்பம்.

இரண்டாவது, கிளாஸ்கோ நகரத்தில். அங்கே ராயல் இன்ஃபர்மரி ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் தாமஸ் கிப்சன் என்ற சர்ஜன் இருந்தார். மெடவார் அங்கேயே போய்த் தங்கி அவரோடு வேலை பார்த்தார். கேஸ் கணப்பில் விழுந்து வெந்துபோன ஓர் இளம்பெண் அங்கே நோயாளி. அவருடைய சொந்தத் தோலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக ஒரு பக்கம் ஒட்டினார்கள். அவருடைய சகோதரரின் தோலை இன்னொரு பக்கம் ஒட்டினார்கள். சொந்தத் தோல் பிடித்துக்கொண்டது. சகோதரர் தோல் முதலில் பிடித்த மாதிரி இருந்து, பிறகு அழிந்தது. இது பழைய கதைதான். ஆனால் அவர்கள் அங்கே நிறுத்தவில்லை. அதே சகோதரரிடமிருந்து இரண்டாம் முறையும் தோல் எடுத்து ஒட்டினார்கள். இந்தத் தடவை முதல் முறையைவிட மிக வேகமாக அழிந்தது!

இந்த இடத்தில்தான் என் தொழில் புத்தி நிமிர்ந்து உட்கார்கிறது. பாகத்தில் மட்டும் குறை என்றால், அதே பாகத்தை மறுபடி போட்டால் ஏறக்குறைய அதே காலம்தான் ஓட வேண்டும். இரண்டாவது தடவை சீக்கிரம் போகிறது என்றால், மாறியிருப்பது பாகம் இல்லை, அதை வாங்கிக்கொண்ட அமைப்பு. அந்தப் பெண்ணின் உடம்பு முதல் தோலை ஞாபகம் வைத்திருந்தது! அம்மை ஒரு தரம் வந்தவருக்கு மறுபடி வராமல் காப்பது எந்தச் சக்தியோ, அதே நோய் எதிர்ப்புச் சக்திதான் அண்ணன் தம்பி தோலையும் அந்நியன் என்று விரட்டுகிறது என்பது புரிந்தது. 1943-இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள்.

ஒரு நோயாளியை வைத்து முடிவு கட்டிவிடலாமா? ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பி 25 முயல்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றின் தோலையும் மற்ற எல்லாவற்றுக்கும், தனக்குத் தானேயும் ஒட்டிப் பார்த்தார். மொத்தம் 625 ஒட்டுகள். மாணவர்களே, இதை 25-க்கு 25 மேட்ரிக்ஸ் என்று மனதில் போட்டுப் பாருங்கள். குறுக்குக் கோட்டில் இருப்பவை மட்டும், அதாவது தன் தோல் தனக்கே என்பவை மட்டும், நிலைத்தன. இவ்வளவு பொறுமையாகச் செய்த பிறகுதான் உலகம் நம்பியது.

மூன்றாவது சந்தர்ப்பம் மாட்டுத் தொழுவத்தில்! 1948-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஒரு மாநாட்டில், கால்நடை ஆராய்ச்சியாளர் ஹியூ டொனால்ட் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "இரட்டைக் கன்றுகளில் எது ஒரே கருவில் பிரிந்த இரட்டை, எது தனித்தனிக் கருவில் வந்த இரட்டை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" மெடவார், "ரொம்ப சுலபம், தோலை மாற்றி ஒட்டிப் பாருங்கள். ஒரே கரு என்றால் நிற்கும், இல்லையென்றால் விழும்" என்றார். வாயால் சொன்னதோடு விட்டிருக்கலாம். அப்போது அவர் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்தார். சக ஆராய்ச்சியாளர் ரூபர்ட் பில்லிங்ஹாமைக் கூட்டிக்கொண்டு பண்ணைக்கே போய்ச் செய்து பார்த்தார். கணக்கு தப்பியது. ஆண் ஒன்று பெண் ஒன்றாகப் பிறந்த இரட்டைக் கன்றுகள்கூட ஒன்றின் தோலை மற்றொன்று ஏற்றுக்கொண்டன!

காரணத்தை அமெரிக்காவில் ரே ஓவன் என்பவர் 1945-லேயே தொட்டிருந்தார். இரட்டைக் கன்றுகளுக்குத் தாய் வயிற்றில் ரத்தக் குழாய்கள் இணைந்துவிடுவதால் ஒன்றின் ரத்தம் மற்றொன்றில் கலக்கிறது. பிறக்கும் முன்பே அறிமுகமானதை உடம்பு அந்நியமாக நினைப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் மெக்ஃபார்லேன் பர்னட், 1949-இல் ஃப்ரங்க் ஃபென்னருடன் எழுதிய நூலில் இதற்கு ஒரு கொள்கை விளக்கம் கொடுத்தார். மெடவார் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்கு மாறிய பிறகு, பில்லிங்ஹாமும் லெஸ்லி ப்ரெண்ட் என்ற மாணவரும் அவரும் சேர்ந்து அதைச் சோதித்துக் காட்டினார்கள். இந்த ப்ரெண்ட், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1938-இல் தனியாகத் தப்பி வந்த யூதச் சிறுவன். அவருடைய பெற்றோரும் சகோதரியும் பிழைக்கவில்லை. கருவிலிருந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு வேறு இனச் சுண்டெலியின் அணுக்களை ஊசி மூலம் செலுத்தினார்கள். அவை வளர்ந்த பிறகு அந்த இனத்தின் தோலை ஒட்டினால் உடம்பு விரட்டவில்லை. பழுப்புச் சுண்டெலியின் முதுகில் வெள்ளை முடியோடு ஒரு திட்டு! 1953-இல் 'நேச்சர்' இதழில் இது வந்தது. 'தாண்டவே முடியாத சுவர்' என்று நினைத்ததில் ஒரு கதவு இருக்கிறது என்று தெரிந்தது.

இதனால் உடனே நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. மனிதக் கருவில் போய் ஊசி போட முடியுமா? இந்தக் கேள்வியை ஒரு மாணவர் கேட்டதற்கு மெடவாரே "எந்தப் பயனும் இல்லை" என்று பதில் சொன்னதாக, பிற்காலத்தில் புகழ்பெற்ற சர்ஜன் ராய் கான் சொல்லியிருக்கிறார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரியில் தீக்காயம் பட்டவர்களைப் பார்த்துப் பழகிய ஜோசப் மர்ரே, 1954-இல் பாஸ்டனில் ஒரே கரு இரட்டையரிடையே சிறுநீரகம் மாற்றிக் காட்டினார். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் 1960-களில் வந்தன. 1978-இல் சைக்ளோஸ்போரினை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தவர் அதே ராய் கான்தான். நமக்குத் தெரிந்தவர் யாராவது சிறுநீரகம் மாற்றிக்கொண்டு, வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டு நடமாடினால், அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி கிளாஸ்கோ தீக்காய வார்டில் இருக்கிறது.

1960-இல் பர்னட்டுக்கும் மெடவாருக்கும் நோபல் பரிசு. பில்லிங்ஹாம், ப்ரெண்ட் பெயர்கள் அதில் இல்லை. தனக்கு வந்த பணத்தை அந்த இருவரோடும் மெடவார் பங்கு போட்டுக்கொண்டார். டீம் லீடராக இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்! 1969-இல் பக்கவாதம் தாக்கி உடம்பின் ஒரு பக்கம் செயலிழந்தது. அதற்குப் பிறகும் ஆராய்ச்சியை விடவில்லை. இளம் விஞ்ஞானிகளுக்கு அறிவுரையாக 1979-இல் ஒரு நூலும் எழுதினார். 1987-இல் காலமானார்.

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. அந்த விமானப்படை வீரருக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு மெடவார் கடைசிவரை நேரடி விடை தரவில்லை. இன்றும் பெரிய தீக்காயத்துக்கு இறந்தவர் தோலை ஒட்டுவது தற்காலிகப் போர்வையாகத்தான். நிரந்தரமாக நிற்பது சொந்தத் தோல்தான். அவருக்குக் கைகூடாத அந்த முதல் முயற்சி, அதாவது கொஞ்சம் தோலிலிருந்து நிறைய வளர்ப்பது, 1975-இல் ஹோவர்ட் கிரீன் என்பவர் கையில் பலித்தது. உடம்பு முழுக்க வெந்துபோன இரண்டு சிறுவர்களை அந்த முறையால் காப்பாற்றிய செய்தி 1984-இல் வெளிவந்தது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். ஆராய்ச்சி என்றால் என்ன என்று செயலாளர் கேட்டாரே, இதுதான் ஐயா!

மாணவத் தம்பி தங்கைகளே, உங்கள் பாடத்தை நன்றாகப் படியுங்கள். மெடவாருக்கு விலங்கியல் கரைத்துக் குடித்த அறிவு இருந்ததால்தான் வார்டில் அவர் கண்ணுக்கு மற்றவர் பார்க்காதது தெரிந்தது. ஆனால் நல்ல கேள்விகள் நம் சிலபஸைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. பக்கத்துப் பிரிவு நண்பன், ஒரு விவசாயி, ஒரு நர்ஸ், ஒரு ஃபிட்டர் யாராவது வந்து "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்டால், அந்த நாலு வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். போய்ப் பாருங்கள். ஒரு தடவை போதாது, இரண்டாம் தடவையும் செய்து பாருங்கள்.